கரும்பு இல்லாத இடத்து வெல்லக் கொட்டாய்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. நான் வசிக்கும் சுவீடன் ஊரின் நூலகம் மாலை வகுப்பு ஒன்றை அறிவித்தது. கணினியில் வரைபடம் போடக் கற்று, அதன் வழியாகச் சுற்றுச்சூழலையும் சமூகத்தையும் புரிந்துகொள்வது. சேர்ந்தேன்.

2. கடைசிப் பயிற்சிக்கு அவரவர் ஊரிலிருந்து ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கம், கல்வராயன் மலை அடிவாரத்து வெல்ல ஆலைகளின் புகை என்று எழுதிக் கொடுத்தேன்.

3. வானிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து ஆலைகளை ஒவ்வொன்றாகக் குறித்தேன். என் அப்பாவின் ஆலை அதில் அகப்படவில்லை.

4. என் மகள் கேட்டாள் என்பதற்காக அதை நினைவிலிருந்து வைத்தேன்.

5. ஆசிரியை அந்தப் புள்ளியைக் காட்டி ஒரு கேள்வி கேட்டார்.

6. அதே வாரம் அப்பா, இட ஒதுக்கீட்டுப் போராட்டக் கூட்டத்தில் போட்டுக் காட்டுவதற்காக என்னை வீடியோவில் பேசி அனுப்பச் சொன்னார்.

7. புள்ளியை நீக்கினேன்.

8. அம்மாவிடம் பேசினேன்.

9. புள்ளியைத் திரும்ப வைத்தேன். அப்பாவிடமும் சொன்னேன்.

மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. என்ன செய்தோம், பிறகு என்ன ஆனது என்று எண் போட்டு எழுதினால், பிழை எந்த அடியில் நுழைந்தது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். இதில் பிழை ஏழாவது என்று சில வாரங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது மட்டும் இல்லை.

*

வகுப்பு நூலகத்தின் மாடியில் தொடங்கியது. தொற்றுக் கட்டுப்பாடு வந்து நூலகத்தை மூடிய பிறகு அவரவர் வீட்டுத் திரைக்கு வந்துவிட்டது. ஆசிரியை இங்கர், காடுகளை அளக்கும் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொருவரையும் முறைவைத்துத் திரையைப் பகிரச் சொல்வார். மற்றவர்கள் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், தான் பிறந்த தீவில் கடல்நீர் எதுவரை ஏறுகிறது என்று வரைந்தார். சிரியாவிலிருந்து வந்த ரீம் என்ற பெண், தன் நகரத்து ரொட்டிக் கடைகளை வரைந்தாள். பாதிக் கடைகள் இப்போது இல்லை. இல்லாதவற்றுக்கும் புள்ளி வைத்தாள், வேறு நிறத்தில்.

நான் புகையை எடுத்ததற்குக் காரணம், அது யாருக்கும் வலிக்காத தலைப்பு என்பதுதான். சுற்றுச்சூழல் என்ற சொல்லுக்குப் பொருந்தும். எண்ணிவிடலாம். காற்று எந்தத் திசையில் அடிக்கிறது, பள்ளிக்கூடம் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று நேர்த்தியாகக் காட்டிவிடலாம்.

தலைப்பைச் சொன்ன முதல் நாளே வெல்லம் என்றால் என்ன என்று விளக்க வேண்டி வந்தது. எனக்குத் தெரிந்த சுவீடிஷ் மொழியில் தேடி, கச்சாச் சர்க்கரை என்று பொருள்படும் ஒரு சொல்லைச் சொன்னேன். "பெரிய சர்க்கரை ஆலையா?" என்றார் இங்கர். இல்லை, ஒரு கொட்டகை, ஓர் அடுப்பு, ஒரு கொப்பரை, ஐந்தாறு ஆட்கள் என்றேன். "அப்படியானால் மிட்டாய்" என்றார் தபால்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, அப்படியே விட்டுவிட்டேன். இங்கே பல விஷயங்களை அப்படித்தான் விட்டுவிடுகிறோம். ஒவ்வொன்றையும் திருத்திக்கொண்டிருந்தால் பொழுது போதாது.

அந்த வாரம்தான் நகராட்சியிலிருந்தும் கடிதம் வந்தது. என் மகள் ஓவியாவுக்குப் பள்ளியில் தமிழ் சொல்லித்தர ஆசிரியர் கேட்டு விண்ணப்பித்திருந்தோம். தமிழ் கேட்கும் குழந்தைகள் போதுமான எண்ணிக்கையில் இல்லை என்று மரியாதையாக மறுத்திருந்தார்கள். கூடவே, வீட்டில் தொடர்ந்து பேசுங்கள் என்று ஒரு வரி. வீட்டில் நாங்கள் தமிழில் பேசுகிறோம். அவள் சுவீடிஷில் பதில் சொல்கிறாள்.

*

எங்கள் பக்கத்தைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். கச்சிராயபாளையத்தைச் சுற்றி, கோமுகி அணைத் தண்ணீரில் கரும்பு நன்றாக வரும். வெட்டிய கரும்பைக் கிடப்பில் போட முடியாது. சாறு வற்றும், புளிக்கும். அதனால் வெல்லக் கொட்டாய் கரும்பு இருக்கும் இடத்தைத் தேடிப் போய் உட்காரும். சாறு பிழிந்த சக்கையைக் கொட்டாய்க்கு முன்னால் வெயிலில் பரப்பிக் காயவைத்து, அதையே அடுப்புக்குப் போடுவார்கள்.

மேலிருந்து பார்க்கும்போது கூரையை வைத்து எதையும் சொல்ல முடியாது. கோழிப் பண்ணைக் கூரையும் கொட்டாய்க் கூரையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் சக்கைக் களம் தெரியும். பச்சை வயலுக்கு நடுவில் யாரோ மாவைக் கொட்டிவிட்டது போல வெளிர்த் திட்டு. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குச் சின்னப் பெருமை. ஒரு விதி எழுதிக்கொண்டேன்: வெளிர்த் திட்டு, அதன் ஓரத்தில் கூரை, சுற்றிலும் கரும்பு. மூன்றும் இருந்தால் அது ஆலை. ஒன்று குறைந்தாலும் இல்லை.

விதி நன்றாக வேலை செய்தது. புள்ளிகள் அணையின் வாய்க்கால்களை ஒட்டி வரிசையாக விழுந்தன.

ஓவியா மடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அது சனிக்கிழமை. இந்த நாட்டில் குழந்தைகளுக்குச் சனிக்கிழமை மட்டும்தான் மிட்டாய் தருவார்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கு ஒரு துண்டு வெல்லம். அம்மா ஊரிலிருந்து அனுப்பிய எவர்சில்வர் டப்பாவில் இருந்தது. பொன்னிறமாக, உடைத்தால் மணல் மணலாக உதிரும். தாத்தா செய்தது என்று சொல்லித்தான் கொடுப்பேன். தன் தாத்தா மிட்டாய் செய்கிறவர் என்று அவள் பள்ளியிலும் சொல்லிவைத்திருந்தாள்.

"தாத்தா ஃபேக்டரி எது?" என்றாள்.

தேடினேன். இல்லை.

"தாத்தாவோடது சின்னதா?"

"சின்னது இல்லடா."

"அப்ப ஏன் தெரியல?"

அணையைத் தாண்டி, வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில், முதல் வளைவுக்கு முன்னால் ஒரு மண்பாதை பிரியும். அந்த இடத்தில் கூரை இருந்தது. முன்னால் வெறும் செம்மண். சுற்றிலும் மரவள்ளியும் மக்காச்சோளமும், எல்லாம் வானம் பார்த்த நிலம். விதிப்படி அது ஆலை இல்லை. ஆனால் சின்ன வயதில் அப்பாவின் வண்டியில் எத்தனையோ முறை அங்கே போயிருக்கிறேன். கசிந்து கறுத்துப்போன வெல்லம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கொப்பரையில் போட்டு உருக்கித் திரும்ப அச்சில் ஊற்றுவார்கள். பழசைப் புதுசாக்குவது என்று அப்பா சொல்வார். ஒரு கட்டுக் கரும்பை அங்கே பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

புள்ளியை வைத்தேன். ஓவியா அதன்மேல் விரலை வைத்து "ஹலோ தாத்தா" என்றாள். திரையில் வெல்லப் பிசுக்கு ஒட்டிக்கொண்டது.

*

என் முறை வந்த அன்று வரைபடத்தைக் காட்டி, காற்று, புகை, பள்ளிக்கூடங்கள் என்று எல்லாம் சொல்லி முடித்தேன். இங்கர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் வந்தார்.

"எல்லாவற்றுக்கும் களம் இருக்கிறது, கரும்பு இருக்கிறது. இந்த ஒன்றுக்கு இரண்டும் இல்லை. இதை எப்படிக் கண்டுபிடித்தாய்?"

"தெரியும். அது என் அப்பாவுடையது."

"அப்படியா, நல்லது." அவர் முகம் மலர்ந்தது. "அப்படியானால் உன்னிடம் கேட்டுவிடலாம். அது ஏன் அங்கே இருக்கிறது?"

நான் படத்தைப் பெரிதாக்கினேன், சிறிதாக்கினேன். தொழில்நுட்பமாக யோசிப்பதாக அவர் நினைத்துக்கொண்டார். உதவி செய்ய நினைத்தார். "ஒரு ஆலை பொருள் வருகிற இடத்துக்குப் பக்கத்தில் இல்லை என்றால், பொருள் போகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும். சாலைகளையும் ஓடைகளையும் போட்டுப் பார்."

போட்டேன். அடுக்கின் மேல் அடுக்காக அவை வந்து உட்கார்ந்தன. மற்றப் புள்ளிகளிலிருந்து கிளம்பிய பாதைகள் கச்சிராயபாளையத்துக்கும் கள்ளக்குறிச்சிச் சந்தைக்கும் இறங்கின. எங்கள் புள்ளியிலிருந்து கிளம்பிய மண்பாதை மலைக்கு ஏறியது. காட்டுக்குள் நுழைந்து, மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஓர் ஓடையில் போய் நின்றது.

"மலையில் இருப்பவர்களுக்கு இனிப்பு ரொம்பப் பிடிக்குமோ?" என்றார் தபால்காரர்.

"ஆமாம்" என்றேன்.

இதைப் படிக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கல்வராயன் மலையில் சாராய ஊறல் அழிப்பு என்று ஒரு செய்தி, ஓடைக்கரையில் பேரல்களைக் கவிழ்க்கும் போலீஸ்காரர்களின் படத்தோடு, எங்கள் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வரும். ஊறலுக்கு வேண்டிய மரப்பட்டை மலையில் கிடைக்கும், தண்ணீரும் கிடைக்கும். வெல்லம் கிடைக்காது. அது கீழேயிருந்துதான் ஏற வேண்டும்.

எனக்கு இது தெரியாதா? தனித்தனியாக எல்லாம் தெரியும். அப்பாவின் கொட்டாய் எங்கே இருக்கிறது, அங்கே என்ன உருகுகிறது, மலையில் என்ன ஊறுகிறது, மூன்றும் தெரியும். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்ததில்லை. அதை முதல் முறை பார்த்தபோது, எங்கள் ஊரை முன்பின் தெரியாத ஐந்து பேர் என்னோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் புரியவில்லை. அதற்காக நான் நிம்மதி அடைந்தேன். வெட்கம் அந்த நிம்மதியில்தான் தொடங்கியது.

*

இரண்டு நாள் கழித்து அப்பா கூப்பிட்டார்.

"இன்னா சுதா, இருட்டிக்கினு கெடக்குது. வெளக்கு போடலியா?"

"மணி மூணுதாம்பா. இங்க இந்த மாசத்துல இப்டித்தான்."

"மூணு மணிக்கே பொழுது போயிடுச்சா. அப்ப உங்களுக்கு வேல கம்மி, சம்பளம் ஜாஸ்தி."

சிரித்தார். தொண்டை கட்டியிருந்தது. அந்த மாதங்களில் ஊரில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் மறுபடியும் சூடு பிடித்திருந்தது. எங்கள் ஆட்களுக்குத் தனிப் பங்கு கேட்டு கிராம நிர்வாக அலுவலகங்களுக்கு ஊர்வலமாகப் போய் மனுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா முன்வரிசை. வாலிபத்தில், இதற்கு முந்தைய போராட்டத்தில், சாலையில் மரத்தை வெட்டிப் போட்டு உள்ளே போய் வந்தவர். அப்போது கிடைத்த ஒதுக்கீட்டில்தான் எனக்குப் பொறியியல் இடம் கிடைத்தது. அதை நான் மறைத்ததில்லை. மறைக்க வேண்டியதாகவும் நினைத்ததில்லை.

"கள்ளக்குறிச்சியில கூட்டம் போடறோம். பெரிய திரை கட்றாங்க. நீ ரெண்டு நிமிசம் பேசி அனுப்பு."

"நான் இன்னாப்பா பேசறது?"

"எங்கப்பா வெல்லம் காய்ச்சி என்னப் படிக்க வெச்சாரு. ஒதுக்கீட்டுல எடம் கெடச்சிது. இன்னிக்கி வெளிநாட்டுல இருக்கேன். இன்னும் எத்தினியோ புள்ளைங்க எடம் இல்லாம நிக்குது. அவ்ளோதான். பாக்கறவன் கண்ணுல தண்ணி வரணும்."

"வெல்லத்தப் பத்தி வேணாம்பா."

"ஏன் வேணாம்? திருடியா படிக்க வெச்சேன்?"

எழுந்து போய் விளக்கைப் போட்டேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. பேச்சு சூட்டில் இருந்தார்.

"மலையில இருக்கறவனுக்குத் தனியா குடுத்து வெச்சிருக்காங்க. அவன் படிக்க மாட்டறான், குடிச்சிட்டுப் படுத்துக்கறான். நம்ம புள்ளைங்க படிக்குதுங்க, எடம் இல்ல. இது இன்னா நாயம் சொல்லு. இதயும் ஒரு வார்த்த சேத்துக்க."

"பாக்கறேம்பா" என்றேன். மூன்று முறை பதிவு செய்து பார்த்தேன். மூன்றிலும் நான் நன்றாகத்தான் பேசுகிறேன். நிதானமாக, தலைமுடி கலையாமல். மூன்றையும் அழித்தேன்.

அழிக்கிற பழக்கம் வந்துவிட்டது போல. எங்கள் வரைபடங்களை நூலகத்தின் இணையப் பக்கத்தில் எல்லோரும் பார்க்க வைக்கப்போவதாக இங்கர் அறிவித்தார். அதே புள்ளிகள், உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற திறந்த வரைபடத்திலும் ஏறும். அன்று மாலை ஓவியா தூங்கும் முன் எங்கள் புள்ளியை நீக்கினேன். ஒரே ஒரு விசை. எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணமும் நேர்த்தியாக இருந்தது: விதிப்படி அது ஆலையே இல்லை.

"இப்போது தெளிவாக இருக்கிறது" என்றார் இங்கர். அவர் பாராட்டுவது அரிது.

ரீம் மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள். "உன் அப்பாவின் இடம் எங்கே?"

"தவறாக வைத்துவிட்டேன்" என்று எழுதினேன்.

இடிந்துபோன கடைகளுக்குப் புள்ளி வைத்தவள் அவள். நானோ, இடியாமல் நிற்கிற கொட்டாயை எடுத்தவள். அவள் ஒரு கட்டைவிரல் படத்தை மட்டும் பதிலாக அனுப்பினாள். அது ஒப்புதலா வேறு எதுவுமா என்று பல நாள் யோசித்தேன்.

*

பொங்கல் நெருங்கியது. அம்மா மாட்டுக் கொட்டகையிலிருந்து பேசினாள். அப்பா வீட்டில் இருக்கும்போது அம்மா என்னோடு அங்கேயிருந்துதான் பேசுவாள்.

"பொங்கலுக்கு வெல்லம் இருக்குதா? இல்ல கடையில எதனா வாங்கிப் போடப் போறியா?"

"டப்பாவுல பாதி இருக்குதும்மா." பிறகு கேட்டேன். "அது அப்பா காய்ச்சினதா?"

மாடு தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

"கச்சிராயபாளையத்துல கடையில வாங்கினது" என்றாள்.

கல்லூரி முதல் வருடம் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அடுப்பங்கரையில் கடைத்தாளில் சுற்றிய வெல்லத்தைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. வெல்லக்காரர் வீட்டில் வெல்லம் விலைக்கு வாங்குகிறாயே என்று கேலி செய்தேன். நம் கொட்டாய் வெல்லம் பொங்கலுக்கு ஆகாது என்று மட்டும் சொன்னாள். அதற்கு முந்தைய பொங்கல்களில் ஆகிக்கொண்டிருந்த வெல்லம்தானே என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

"ஏம்மா அந்த வருசத்துலேர்ந்து நிறுத்திட்ட?"

"எதுக்கு இப்ப."

"சொல்லும்மா."

அம்மா சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"வெள்ளிமலைக்கு அந்தாண்டருந்து கோவிந்தன்னு ஒருத்தரு வருவாரு. உனக்குக் கூட தேனு கொண்டாந்து குடுத்துருக்காரு. நம்ம கொட்டாயிலதான் ரொம்ப நாளா வாங்கினு இருந்தாரு. அவரு புள்ள மூட்டய வண்டியில கட்டிக்கினு போறப்ப, செக்போஸ்ட்டுல புடிச்சிட்டாங்க. அந்தப் பையன் போலீஸ் வேலைக்கு எழுதி பாஸ் பண்ணிட்டு இருந்தான். கோவிந்தன் வந்து நம்ம வாசல்ல நின்னாரு. கோயில் திருவிழாவுக்கு நாந்தான் குடுத்தேன்னு ஒரு வார்த்த வந்து சொல்லுங்க, ஒரு பில்லு எழுதிக் குடுங்க, பையன விட்டுருவாங்கன்னாரு."

"அப்பா இன்னா சொன்னாரு?"

"உங்கப்பா வெளிய வரல. யாருன்னே தெரியாதுன்னு சொல்லி அனுப்புன்னு என்ன அனுப்பிச்சாரு."

"நீ சொன்னியா?"

"சொன்னேன். சொம்புல தண்ணி குடுத்தேன். வாங்கல" என்றாள்.

"அது கோயிலுக்குத்தான் வாங்கினதா?"

"கோயிலுக்கா ஊறலுக்கான்னு எனக்கு எப்பிடித் தெரியும். உங்கப்பாவுக்குத் தெரியும்."

"அந்தப் பையன்?"

"கேஸு இருக்கறவன போலீசுல எடுப்பாங்களா. திருப்பூருல பனியன் கம்பெனியில இருக்கான்னு கேள்வி." பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "பாப்பாவுக்குப் பாவாட சட்ட அனுப்பிச்சனே, போட்டுப் பாத்தியா? கை பத்துதா?" என்றாள்.

மலையில் இருக்கிறவன் படிக்கமாட்டான் என்று அப்பா சொன்னார். அவன் படித்திருந்தான், தேர்விலும் தேறியிருந்தான். அவனுக்கென்று சட்டம் ஒதுக்கிய இடம் அவனுக்காகக் காத்திருந்தது. அவன் அங்கே போய்ச் சேர என் அப்பா வாசலுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. சொல்லியிருந்தால், இவ்வளவு காலம் யாருக்கு விற்றீர்கள் என்ற அடுத்த கேள்வி வந்திருக்கும். நான் அந்த வருடம் என் இடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டேன். போராட்டத்தின் கோரிக்கை நியாயமா இல்லையா என்பது வேறு பேச்சு. நான் அதற்கு எதிரானவள் அல்ல. ஆனால் பெரிய திரையில் நின்று என் படிப்பின் கதையைச் சொன்னால், அதில் கோவிந்தனின் மகனும் நிற்கிறான்.

*

புள்ளியைத் திரும்ப வைத்தேன். பெயர் போடவில்லை. குறிப்பில் "வெல்லம் உருக்கும் கொட்டாய், கரும்பு ஆட்டுவதில்லை" என்று மட்டும் எழுதினேன். அதில் பொய் எதுவும் இல்லை. ரீமுக்கும், தவறாக வைக்கவில்லை, தவறாக எடுத்துவிட்டேன் என்று எழுதினேன்.

பிறகு அப்பாவைக் கூப்பிட்டேன். வீடியோ அனுப்ப மாட்டேன் என்றேன். காரணம் கேட்டார். வரைபடத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்து, தயாராக இருந்தேன்.

"போலீஸ்காரனுக்குத் தெரியாததயா நீ வரஞ்சிட்ட?" என்றார். குரலில் கேலிதான் இருந்தது. "பேரு போட்டியா?"

"போடலப்பா."

"அப்ப இன்னா."

பிறகு, நான் செய்யும் ஒன்றைப் பற்றி வாழ்நாளில் முதல் முறையாக, ஒரு கேள்வி கேட்டார்.

"அவ்ளோ மேல இருந்து பாத்தா, எது கோழிக் கொட்டாய் எது வெல்லக் கொட்டாய்னு எப்பிடி சொல்ற?"

"சக்க காயவெப்பாங்க இல்லப்பா, அது வெள்ளையா தெரியும். எல்லாக் கொட்டாயிலயும் தெரியுது. நம்மளுதுல இல்ல. அதனாலதான் டீச்சருக்கே சந்தேகம் வந்துது."

"ஓ" என்றார். நன்றாகப் புரிந்துகொண்டவரின் ஓ. "அப்ப சக்கதான் கணக்கா."

"ஆமாம்பா."

அவர் கேட்டது எனக்கு இதமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அந்த இதத்தில் கொஞ்சம் அதிகமாகவே விளக்கினேன். படம் எத்தனை காலத்துக்கு ஒருமுறை மாறும் என்பது வரை. அதன் பிறகுதான், கேட்க வந்ததைக் கேட்டேன்.

"கோவிந்தன் யாருன்னு தெரியுமாப்பா?"

பின்னால் யாரோ ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அது நின்றது.

"உங்கம்மா சொன்னாளா."

"தெரியுமான்னுதான் கேட்டேன்."

"தெரியும்" என்றார். பிறகு, "பாப்பாகிட்ட குடு" என்றார்.

போனை ஓவியாவிடம் கொடுத்தேன். தாத்தா மிட்டாய் எப்போது அனுப்புவார் என்று அவள் கேட்டாள். அனுப்புகிறேன் என்று அவர் சொன்னது கேட்டது.

*

பொங்கல் அன்று இங்கே உறைபனி. மின்னடுப்பில் பால் பொங்குவதைப் பார்க்க ஓவியா நாற்காலியில் ஏறி நின்றாள். டப்பாவில் இருந்த கடைசி வெல்லத்தைத் தட்டிப் போட்டேன். தாத்தா செய்ததா என்று கேட்டாள். கடையில் வாங்கியது என்று சொல்ல வாயெடுத்தேன். கேள்வியை அவள் சுவீடிஷில் கேட்டிருந்தாள். தமிழில் கேள் என்று திருத்தினேன். அவள் தமிழில் கேட்பதற்குள் பால் பொங்கிவிட்டது.

மறுநாள் அம்மா கூப்பிட்டாள். வாழ்த்து, மாடுகளுக்குக் கொம்பில் வர்ணம் பூசியது, கூட்டம் நன்றாக நடந்தது என்று எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் சாதாரணமாகச் சொன்னாள்:

"உங்கப்பாவுக்கு இன்னா ஆச்சின்னே தெரியல. யாரு கொட்டாயிலருந்தோ ரெண்டு டிராக்டரு சக்க வாங்கியாந்து நம்ம கொட்டாய் முன்னால பரப்பிக்கினு கீறாரு. நம்ம அடுப்புதான் வெறகு அடுப்பாச்சே, சக்க எதுக்குன்னு கேட்டேன். 'மேல இருந்து பாக்கறவங்களுக்கு'ன்றாரு. சாமிக்கான்னு கேட்டா சிரிக்கறாரு."

இப்போதைய நிலை இதுதான். வீடியோ அனுப்பவில்லை. அப்பா வாரம் ஒருமுறை ஓவியாவோடு பேசுகிறார், என்னை நலம் விசாரித்ததாக அவளிடம் சொல்லச் சொல்கிறார். டப்பா காலி, ஓவியாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. புள்ளி வரைபடத்தில் இருக்கிறது, குறிப்பும் இருக்கிறது. வானிலிருந்து எடுத்த படம் இன்னும் பழையதுதான். கொட்டாய் முன்னால் வெறும் செம்மண் தெரிகிறது. அடுத்த படம் வரும்போது அங்கே வெளிர்த் திட்டு ஒன்று இருக்கும். கரும்பு இருக்கிறதா என்று சுற்றிலும் தேடிப் பார்க்காத யாரும் அதை மற்ற ஆலைகளில் ஒன்றாக எண்ணிக்கொண்டு போவார்கள். எதை வைத்து எண்ணுவார்கள் என்பதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான்.